ஆறாம் கட்டிலின் நோன்பு

முப்பத்திரண்டு வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதினொரு வருடம் காசநோய் வார்டில் நர்ஸாக நின்றவள் நான். கடைசியில் அந்த நோய் எனக்கும் வந்தது. இரண்டு வருடம் படுத்து எழுந்தேன். இடது நுரையீரல் சுருங்கிப்போயிற்று. நோயாளியைத் தூக்கி உட்கார வைக்க இனி என்னால் முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இப்போது அந்த வார்டை மூடுகிறார்கள். காசநோய்க்காரர்கள் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்று ஆகிவிட்டது. அந்த இடத்துக்குப் பிரசவ வார்டு வருகிறது. நல்ல செய்திதான். ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி நர்ஸிங் மாணவிகள் நான்கு பேர் பாலக்கரையில் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டது: "அக்கா, இவ்வளவு கஷ்டத்துக்கு அப்புறமும் சர்வேசுரன் மேல எப்படிக்கா நம்பிக்கை இருக்கு? கோவம் வரலையா?" பக்கத்தில் இருந்தவள் அதன் தொடையைக் கிள்ளினாள்.

கிள்ள வேண்டிய கேள்வி இல்லை அது. கோபம் வந்தது. ஆனால் என் நோயைச் சொல்லி அந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. அதற்கு ஐந்தாறு வருடம் முன்பே, நம்பிக்கை என்று நினைத்து நான் கொடுத்த ஒரு வார்த்தை ஒரு பெண்ணைச் சாவின் பக்கம் கொண்டுபோனது. அதை எழுதினால்தான் பதில் கிடைக்கும்.

என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா வெங்காய மண்டியில் அழுகல் பொறுக்கினாள். இரண்டு பேருக்கும் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த அன்று அப்பா என் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, மார்க்கெட் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். மூன்று வருட நர்ஸிங் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் கட்டில் முழுவதையும் கலைத்து மறுபடி விரிக்க வைத்தார்கள். ஊசியைக் கொதிக்க வைத்து, கல்லில் தீட்டி, முனை மடங்கியிருக்கிறதா என்று பஞ்சில் இழுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அழுகை வந்தால் ஸ்டோர் அறைக்குள் போய் அழு என்றார்கள்.

காசநோய் வார்டுக்கு வர நர்ஸுகள் தயங்குவார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மாடியில் இருபது கட்டில்கள், எல்லாம் பெண்கள். வடக்கே நீளமான திறந்த வராந்தா. மலைக்கோட்டை நேரே தெரியும். காலை ஐந்தரைக்குக் காய்ச்சல் பார்க்க ஆரம்பித்தால் இருபதாவது கட்டிலுக்கு வரும்போது விடிந்திருக்கும். மூடி போட்ட தகரக் குவளைகளில் சளியைச் சேகரித்து, அளந்து, மரத்தூள் போட்டுப் பின்கட்டில் எரிக்க வேண்டும். திங்கட்கிழமை எடை. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சார்ட் தொங்கும். காய்ச்சலுக்குச் சிவப்புக் கோடு, எடைக்கு நீலக் கோடு. இரண்டும் நான் போட்டவை. ஒவ்வொரு நாளின் கீழும் என் கையெழுத்து. ஒருநாள் அம்மா வந்து, "எந்த எடத்துலடி நீ எழுதினது?" என்று கேட்டாள். காட்டினேன். படிக்கத் தெரியாதவள், வெகுநேரம் அதையே பார்த்தாள்.

வார்டுக்குப் பொறுப்பாக இருந்த கன்னியாஸ்திரியை மதர் என்போம். மதர் ஜெர்த்ரூத். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு செய்த நர்ஸின் முன்னால் வந்து நிற்பார், அவ்வளவுதான். அவள் தானாகப் பேசும் வரை நிற்பார். அந்தக் காலத்து மாத்திரைகளில் ஒன்று பெரிதாக, வேப்பங்காய்க் கசப்பாக இருக்கும். ஒரு வேளைக்கு ஐந்தாறு முழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போனால் குடலைப் புரட்டும், ஆகையால் சாப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புகிறவர்கள் உண்டு. மதர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மாத்திரை முழுங்கியதும், "உங்க ஊர் பேரைச் சொல்லுங்க" என்பார்.

ஏழாம் கட்டிலில் ரங்கநாயகி மாமி இருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நாற்பது வயது. வீட்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வரும் கேரியர் சாப்பாட்டைத்தான் சாப்பிடுவார். வந்த புதிதில் என் கையிலிருந்து மாத்திரையை வாங்க மாட்டார். "மேஜை மேல வெச்சுடு" என்பார். நானும் வைத்துவிட்டு, அவர் முழுங்கும் வரை நகர மாட்டேன்.

"தெனமும் ஸ்ரீரங்கம் ஸ்ரீரங்கம்னு சொல்றேனே மதர், ஊர் மாறிடுமா?" என்பார் மாமி.

"மாத்திரை வாயில இருந்தா ஊர் மாறும்மா. சொல்லுங்க."

ஆறாம் கட்டிலில் பிலோமினா. உறையூரில் சுருட்டுச் சுற்றும் வேலை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். ரத்தம் கக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் அந்தோணி சைக்கிள் கடையில் வேலை செய்தான். ரீத்தா என்று ஒரே மகள், இரண்டரை வயது. குழந்தைகளை மாடிக்கு விட மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தோணி குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே முற்றத்தில் நிற்பான். பிலோமினா வராந்தாச் சுவரில் சாய்ந்து கையை ஆட்டுவாள். அவ்வளவுதான் அவளுக்கு அனுமதி.

நான்கு மாதம் அவளுடைய சார்ட்டைப் போல ஒரு சார்ட் அந்த வார்டில் கிடையாது. காய்ச்சல் இறங்கியது. ஒன்பது பவுண்டு எடை ஏறினாள். அப்போதுதான் ஒரு ஞாயிறு அந்தோணி கீழே நின்று கத்திச் சொன்னான், குழந்தையின் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது என்று. குழந்தைக்கும் அதே நோயின் தொடக்கம். புறநோயாளிப் பகுதியில் அதற்கும் மருந்து ஆரம்பித்தார்கள்.

அன்று பிலோமினா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நாந்தானே நர்சம்மா குடுத்தேன் அத, என் புள்ளைக்கு" என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் என்கிற வேதபாடப் பரீட்சையில் முதல் பரிசு வாங்கியவள் நான். எனக்குத் தெரியாத பதில் இருக்குமா? "பிலோமி, அழாத. உன் கஷ்டத்தையெல்லாம் காணிக்கையா சேசுவுக்கு ஒப்புக்கொடு. ரீத்தாவுக்காகன்னு சொல்லி ஒப்புக்கொடு. ஒண்ணும் வீணாப் போகாது" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் தெளிந்தது. நல்ல வேலை செய்தேன் என்று எழுந்து போனேன்.

அடுத்த வாரம் விபூதிப் புதன். சுவாமியார் வந்து கிறிஸ்தவ நோயாளிகளின் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுப் போனார். மாமி என் நெற்றியைப் பார்த்தார்.

"ஏண்டி லூர்து, விபூதியெல்லாம் நாங்களே இட்டுக்கறதில்லே. நீங்க இட்டுக்கறேளா?"

வார்டே சிரித்தது. பிலோமினாவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதன் பிறகு வெகுநாள் கழித்துத்தான்.

நோன்புக் காலமான தபசுகாலம் நாற்பது நாளும் நான் ஒருவேளைச் சாப்பாட்டோடு வேலை பார்த்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அந்த நாட்களில் பிலோமினாவின் நீலக் கோடு இறங்க ஆரம்பித்தது. முதல் திங்கள் ஒரு பவுண்டு. அடுத்த திங்கள் இரண்டு. சாயங்காலக் காய்ச்சல் திரும்பியது. அதே சமயம் எட்டாம் கட்டிலில் பச்சைமலையிலிருந்து வந்த செல்லாயி ஊதிக்கொண்டே போனாள். எலும்பும் தோலுமாக வந்தவள் கன்னம் வைத்துவிட்டாள். பெரிய டாக்டர் இரண்டு சார்ட்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே மருந்து, ஒரே சாப்பாடு. அவளுக்குக் கேக்குது, இவளுக்குக் கேக்கலை. மருந்தை எதிர்க்கிற கிருமி போலிருக்கு."

விலா எலும்புகளை வெட்டி நுரையீரலை அமுக்கும் ஆபரேஷன்தான் வழி என்றார். அதற்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்த வாரம் அனுப்பலாம். அதற்குள் எடை ஏறினால் பார்க்கலாம். அவர் போகும்போது மதரிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "இந்த உடம்போட போனா டேபிள்லேருந்து எறங்க மாட்டா."

மறுநாள் காலை மாமிக்குக் காய்ச்சல் பார்க்கும்போது என் கையைப் பிடித்தார். அதுவரை என்னைத் தொட்டதில்லை அவர்.

"உபவாசம் இருக்கறவாளுக்கு இவ்ளோ மருந்து குடுப்பேளா லூர்து, ஒங்க மதத்துல?"

"யாரு மாமி உபவாசம்?"

"கேக்கறா பாரு. ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி கெடக்கறவடி நான். பட்டினி மூஞ்சி எனக்குத் தெரியாதா? காத்தால இட்லி, முட்டை, பால் எல்லாம் அந்த மலைக்காரி தட்டுக்குப் போறது. ராத்திரிச் சாப்பாடும் அவளுக்குத்தான். இவ மத்தியானம் ரெண்டு வாய் கஞ்சி. மாத்திரையை முழுங்கி, ஊர் பேரும் சொல்லிட்டு, பின்னாடி போய் அத்தனையும் வாந்தி எடுக்கறா. ஒரு மாசமா பாத்துண்டிருக்கேன்."

"ஏன் மாமி என்கிட்ட சொல்லலை?"

"விரதம் இருக்கறவளைக் காட்டிக் குடுக்கப்படாதுடி. நேத்து எலும்பை வெட்டறேன்னு அந்த டாக்டர் சொன்னானே, அப்பறம் எப்படி வாயை மூடிண்டிருக்கறது?"

செல்லாயியைக் கேட்டேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். "அந்தக்கா குடுத்துச்சு, நான் தின்னேன். வேணாம்னா சாமி கோச்சுக்கும்னுச்சு."

பிலோமினாவிடம் போனேன். அவள் மறைக்கவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க நர்சம்மா, ஒப்புக்கொடுன்னு. என்கிட்ட வேற என்ன இருக்கு ஒப்புக்கொடுக்க? முட்டையும் பாலுந்தான் இருந்துச்சு."

"பிலோமி, நீ நோயாளி. உனக்கு நோன்பே கிடையாது. இப்பவே நிறுத்து."

"எப்படி நிறுத்துவேன்? நான் பட்டினி கெடக்க கெடக்க ரீத்தா கழுத்துக் கட்டி கரையுது. போன ஞாயிறு பாதியாயிடுச்சுன்னு அவர் சொன்னாரே, நீங்களும் கேட்டீங்கல்ல? இப்ப நான் தின்னா அது திரும்ப வந்துடாதா?"

குழந்தை சாப்பிடும் மருந்தால் கட்டி கரைகிறது என்றேன். "மருந்து எனக்குந்தான் குடுத்தீங்க" என்றாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் தெளிவாக இருந்தது. அவளோ குழந்தையோ, ஒருத்தர்தான் பிழைக்க முடியும். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் நான்.

ஸ்டோர் அறைக்குப் போய் அழவில்லை. நேரே மதரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன வார்த்தை உட்பட. அவர் கேட்டுவிட்டுப் பேனாவின் மூடியைத் திறந்து, ஆறாம் கட்டிலின் சார்ட்டோடு என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க."

எழுதினேன். நோயாளி ஒரு மாதமாக நோன்பு இருக்கிறார். மருந்து வாந்தியில் போயிருக்கிறது. நோன்புக்குக் காரணம் இந்த நர்ஸ் சொன்ன சொல். கீழே கையெழுத்துப் போட்டேன். ஆயிரக்கணக்கான தடவை போட்ட கையெழுத்து, அன்று ஒவ்வொரு எழுத்தும் கனத்தது. ஆனால் சொல்கிறேன், அந்தப் பதினொரு வருடத்தில் நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பெருமையான வரி அதுதான். அது எழுதப்படாமல் போயிருந்தால் டாக்டர் கிருமியைத்தான் குற்றம் சொல்லியிருப்பார். மதர் சார்ட்டை எடுத்துக்கொண்டு தானே டாக்டரிடம் போனார். திரும்பி வந்து, "மூணு வாரம் குடுத்திருக்கார். சாப்பிட வைக்கிறது உங்க பொறுப்பு" என்றார்.

சுவாமியாரை வரவழைத்தோம். நேர்ச்சையிலிருந்து அவளை விடுவிப்பதாக அவர் சொன்னார். பிலோமினா அவர் கையை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். அவர் போனதும் பால் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"சாமியார் விட்டுட்டார். சேசு விட்டாரான்னு தெரியலையே."

மதிய ஓய்வு நேரத்தில் நர்ஸ் அறையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த சுவிசேஷப் புத்தகத்தைத் திறந்தேன். எங்கள் குடும்பத்தில் அதைத் தானாகப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். பரிசு வாங்கிய நாளிலிருந்து அதை மரியாதையாகப் பெட்டியில் வைத்திருந்தேனே தவிர, தேடுகிறவளாகப் படித்ததில்லை. சிலுவைப் பாடுகளை விட்டுவிட்டு, சேசு நோயாளிகளிடம் என்ன செய்தார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு இடத்திலும், நோயோடு வந்தவரிடம் இதைச் சகித்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. வந்தவரையெல்லாம் குணமாக்கினார். பிறகு அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் இடம் வந்தது. எத்தனையோ பூசையில் கேட்டது. கடைசி வரியை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மணிக்குப் பாலோடு அவள் கட்டிலுக்குப் போனேன்.

"பிலோமி, நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

மற்ற கட்டில்களில் பேச்சு நின்றது.

"ஒரு பொண்ணு சாகக் கெடந்துச்சு. அப்பன்காரன் வந்து சேசுகிட்ட அழுதான். அவர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அது செத்துப்போச்சு. இருந்தாலும் போயி, அந்தப் புள்ளை கையைப் புடிச்சு எழுப்பினார். இது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எழுப்பினதும் என்ன சொன்னார் தெரியுமா? நன்றி சொல்லுங்கன்னு சொல்லலை. நோன்பு இருங்கன்னு சொல்லலை. இதுக்குச் சாப்பிட ஏதாவது குடுங்கன்னார்."

பிலோமினா எழுந்து உட்கார்ந்தாள். "நெசமாவா? அப்படியே எழுதியிருக்கா?"

புத்தகத்தைக் காட்டி, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பன் ஏதாச்சும் நேர்ந்துக்கிட்டானா, புள்ளைக்காக?"

"இல்லை. வந்து கேட்டான். அவ்வளவுதான்."

"கேட்டதுக்கேவா?"

"கேட்டதுக்கே."

டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "என்ன சாப்பிடக் குடுத்தாங்களாம்?"

"அது எழுதலை."

"கஞ்சியாத்தான் இருக்கும்."

ஏழாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கஞ்சியாவது? கொழந்தை எழுந்துண்டா பால்தாண்டி குடுப்பா. இதுகூடத் தெரியலே உங்களுக்கு."

மாமி தன் கேரியர் அடுக்கிலிருந்து வீட்டுப் பாலை நான் நீட்டிய காலி டம்ளரில் தூக்கி ஊற்றினார். ஆஸ்பத்திரிப் பால் தண்ணீர் என்பது அவருடைய நெடுநாள் குறை. பிலோமினா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, சின்னக் குழந்தை மருந்து குடிப்பதுபோலக் குடித்தாள். பாதிதான். அந்தப் பாதியை நான் சார்ட்டில் எழுதினேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் திங்கள் எடை ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வராந்தாவிலிருந்து, "கழுத்தைத் திருப்பிக் காட்டுங்க!" என்று அந்தோணியைப் பார்த்துக் கத்தினாள். அவன் குழந்தையைத் தூக்கிக் காட்டினான். கட்டி திரும்பவில்லை. அன்று இரண்டு முட்டை தின்றாள். செல்லாயி, "என் முட்டை" என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் திங்கள் ஒரு பவுண்டு. சாயங்காலக் காய்ச்சல் அரை டிகிரி இறங்கியது. மூன்றாம் திங்கள், பாஸ்கா ஞாயிற்றுக்கு மறுநாள், தராசு மேடையில் அவளை நிறுத்திவிட்டு நான் முள்ளைப் பார்க்கப் பயந்து மதர் முகத்தைப் பார்த்தேன். மூன்று பவுண்டு. டாக்டர் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் இப்ப வேண்டாம்" என்றார். நான் எழுதிய வரியின் மேல் விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

என்னைக் கேட்ட பெண்ணுக்கு இதுதான் பதில். பின்னால் நானே அந்த வார்டில் கட்டிலில் படுத்தபோது, என் வலியைக் கொடுத்து எதையும் வாங்க முயலவில்லை. குணமாக்கு என்று கேட்டேன். சில நாள் சண்டை போட்டுக் கேட்டேன். கொடுத்ததைச் சாப்பிட்டேன். வலியை அனுப்பி வேடிக்கை பார்க்கிறவர் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. எழுப்பிவிட்டு, இவளுக்குப் பசிக்குமே என்று நினைக்கிறவர் மேல்தான் நம்பிக்கை. அவர் என்னை ஒரு நுரையீரலோடு எழுப்பினார். மற்றதையும் கேட்டேன், கிடைக்கவில்லை. ஏன் என்று தெரியாது. இன்னமும் கேட்பேன்.

பிலோமினா வீடு போன நாளையும் எழுதிவிடுகிறேன். வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. சளியில் கிருமி இல்லை என்று மூன்று தடவை பார்த்தாயிற்று. புதுச் சேலை கட்டிக்கொண்டு, துணிப்பையோடு என்னுடன் படியிறங்கினாள். முற்றத்தில் அந்தோணியும் ரீத்தாவும் நின்றார்கள். குழந்தை நன்றாக வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தது.

"ரீத்தா, யாரு பாரு. அம்மா."

"இல்ல. அம்மா மேல இருக்கு." குழந்தை மாடி வராந்தாவைக் காட்டியது.

அந்தோணி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான், "இல்ல பாப்பா, இவங்கதான்..." என்று ஆரம்பித்தேன். பிலோமினா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படியேறினாள். ஒரு வருடம் முன்பு கட்டிலிலிருந்து இறங்கினால் மூச்சு வாங்கியவள், நடுவில் நிற்காமல் ஏறினாள். வராந்தாச் சுவரில் சாய்ந்து, ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டியதுபோலக் கையை ஆட்டினாள்.

"ரீத்தாக்கண்ணு! சாப்பிட்டியா?"

"அம்மா! அப்பா, அங்க பாரு, அம்மா!"

"அங்கயே நில்லு. அம்மா எறங்கி வரேன்."

மேலே வராந்தா காலியானது. குழந்தை ஒரு நிமிடம் மாடியையே பார்த்தது, பிறகு படிப்பக்கம் திரும்பியது. செருப்புச் சத்தம் கேட்டது. பிலோமினா கடைசித் திருப்பத்துக்கு வருவதற்குள் ரீத்தா ஓடிப்போய் முதல் படியில் ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கியிருந்தது.